பட்டறையில் கிடக்கும் பிள்ளை படிக்கிறானா?



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டேன். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் ஒரு தாய் எழுதியது. பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆகவே போடவில்லை. விஷயம் இதுதான்:

"ஐயா, என் மகன் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படிக்கிறான். எங்கள் குடும்பத்தில் அந்த வாசலை மிதித்த முதல் பிள்ளை. இரண்டு மாதமாக வீட்டுக்கு வரவில்லை. கேட்டால், மாணவர்கள் எல்லாம் சேர்ந்து ரேஸ் கார் செய்கிறோம், கியரைக் காற்றால் மாற்றும் கருவி என் பொறுப்பு என்கிறான். ராத்திரி எல்லாம் பட்டறையில் கிடக்கிறானாம். இப்போது 300 வெள்ளி கேட்கிறான். அழுத்தம் ஏற்றிய காற்றுக் கலன் வாங்கவாம். வெடித்துவிடுமோ என்று எனக்குப் பயம். இது படிப்பா, விளையாட்டா? பணம் அனுப்பலாமா, கூடாதா?"

அம்மா, உங்கள் கேள்வி உங்களுடையது மட்டுமல்ல. தோட்டத்திலும் பட்டணத்திலும் பிள்ளையைப் படிக்க அனுப்பிவிட்டு, அவன் என்ன படிக்கிறான் என்று தெரியாமல் விழிக்கும் பெற்றோர் எத்தனையோ பேர். ஆகவே எல்லாருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

இது என்ன பந்தயம்?

முதலில் உங்கள் பயத்தில் பாதியைப் போக்கிவிடுகிறேன். இது சிப்பாங்கில் 1999 முதல் 2017 வரை நடந்ததே, அந்த ஃபார்முலா ஒன் பந்தயம் போன்றதன்று. மாணவர்களுக்கென்றே வகுத்த போட்டி இது. அமெரிக்காவில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் 1981ஆம் ஆண்டு 'ஃபார்முலா எஸ்.ஏ.இ.' என்ற பெயரில் தொடங்கியது. 1998இல் இங்கிலாந்துக்குப் போயிற்று. பிறகு ஆஸ்திரேலியா, ஜப்பான், ஜெர்மனி என்று பரவியது. நம் நாட்டு மாணவர்களும் கார் செய்து கடல் கடந்து போய்ப் போட்டியிட்டிருக்கிறார்கள்.

இதில் கார்கள் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுவதில்லை. பல சோதனைகளில் ஒரு கார் தனியாகத்தான் ஓடும். நீண்ட ஓட்டம் 22 கிலோமீட்டர். அதில் சில கார்கள் ஒரே சமயத்தில் ஓடினாலும், முந்துவதற்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் முந்தலாம். பாதை வளைந்து வளைந்து போவதால் சராசரி வேகம் மணிக்கு ஐம்பது கிலோமீட்டரை ஒட்டியே இருக்கும். ஓட்டுபவர் தீப்பிடிக்காத உடை அணிய வேண்டும். ஆபத்தென்றால் ஐந்து விநாடிக்குள் காரைவிட்டு வெளியே வந்துவிட முடியும் என்று முன்கூட்டியே செய்து காட்டவும் வேண்டும்.

இன்னொரு சங்கதி. அமெரிக்க விதிப்படி மொத்த மதிப்பெண் 1,000. அதில் 325 மதிப்பெண் கார் ஓர் அங்குலம்கூட நகராமலே கிடைப்பது. வடிவமைப்பை விளக்குவதற்கு 150, செலவுக் கணக்குக்கு 100, திட்டத்தை எடுத்துச் சொல்வதற்கு 75. அனுபவப்பட்ட பொறியாளர்கள் காரைச் சுற்றி நின்றுகொண்டு, "இதை ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்பார்கள். "போன வருஷத்து அண்ணன்மார் இப்படித்தான் செய்தார்கள்" என்று பதில் சொன்னால் மதிப்பெண் போய்விடும்.

அந்த 'ஏன்' என்ற கேள்விக்காகத்தான் அம்மா, உங்கள் மகன் பட்டறையில் கிடக்கிறான்.

கப்சாய் தெரிந்தவருக்கு இது தெரியும்

கியரைக் காற்றால் மாற்றுவது என்றதும் மந்திரம் போலத் தோன்றுகிறது. உண்மையில் இதில் பாதி உங்கள் வீட்டு வாசலிலேயே நிற்கிறது.

மாணவர் கார்களில் பலவற்றுக்கு மோட்டார் சைக்கிள் என்ஜினைத்தான் வைக்கிறார்கள். பெரும்பாலும் 600 சி.சி. பக்கத்தில் இருக்கும். அதன் கியர், காரின் கியரைப் போல நினைத்த இடத்துக்குத் தாவாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று படிப்படியாகத்தான் ஏறும், அப்படியேதான் இறங்கும். உங்கள் வீட்டுக்காரர் கப்சாய் ஓட்டும்போது பார்த்திருப்பீர்கள். பெடலைக் காலால் ஒரு மிதி. காலை எடுக்க வேண்டும். பெடல் தானே பழைய இடத்துக்கு வரும். அப்புறம்தான் அடுத்த மிதி. காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் அடுத்த கியர் விழாது.

உள்ளே நடப்பது என்ன? பெடல் ஒரு தண்டைத் திருப்புகிறது. அது பள்ளம் வெட்டிய ஓர் உருளையை ஒரு படி சுழற்றுகிறது. அந்தப் பள்ளத்தில் ஓடும் கவைகள் பல்சக்கரங்களைப் பக்கவாட்டில் தள்ளுகின்றன. சக்கரத்தின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டைப் பற்கள் அடுத்த சக்கரத்தின் குழிகளில் போய் மாட்டிக்கொள்கின்றன. அவ்வளவுதான் கியர் மாற்றம்.

காரில் கால்களுக்கு வேறு வேலை இருக்கிறது. ஆகவே பழைய முறையில் பக்கத்தில் ஒரு கைப்பிடி வைத்து, கம்பியால் இழுத்துக் கியர் மாற்றுவார்கள். வளைவில் திரும்பும்போது ஒரு கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்க வேண்டும். கையால் மாற்ற அரை விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த அரை விநாடியில் கார் எட்டு மீட்டருக்கு மேல் ஓடிவிடும். இரண்டு கையும் ஸ்டீயரிங்கிலேயே இருக்க, விரலால் ஒரு பொத்தானைத் தொட்டதும் கியர் மாறினால் எப்படி இருக்கும்? 1989ஆம் ஆண்டு பிரேசில் பந்தயத்தில் நைஜல் மான்செல் ஓட்டி வென்ற பெராரி கார் இதைத்தான் செய்து காட்டியது. அதில் வேலை செய்தது எண்ணெய் அழுத்தம். மாணவர்கள் எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றைப் பிடிக்கிறார்கள்.

காற்றுக்கு எங்கிருந்து பலம்?

பெரிய லோரி நிற்கும்போது 'புஸ்' என்று ஒரு சத்தம் வருமே, அது பிரேக்கில் அடைத்த காற்று வெளியேறும் சத்தம். எண்ணெய் ஆலைக்குக் குலை ஏற்றிப் போகும் அத்தனை பெரிய வண்டியை நிறுத்துவது காற்றுதான். அடைத்த காற்றுக்கு அவ்வளவு பலம்.

உங்கள் மகன் செய்யும் கருவியில் சைக்கிள் பம்பு போன்ற சிறிய சிலிண்டர் ஒன்று இருக்கும். பம்பில் நாம் தண்டைத் தள்ளுகிறோம். காற்று வெளியே போகிறது. இதில் காற்று உள்ளே வருகிறது, தண்டைத் தள்ளுகிறது. அந்தத் தண்டின் முனை கியர் பெடல் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துத் தள்ளும், இழுக்கும்.

எவ்வளவு பலம் வேண்டும்? இதைத்தான் முதலில் அளக்க வேண்டும். சந்தையில் மீன் நிறுக்கும் தொங்கு தராசு போன்ற ஒன்றைக் கியர் தண்டில் மாட்டி, கியர் விழும்வரை இழுத்துப் பார்க்கலாம். எடுத்துக்காட்டுக்கு 12 கிலோ காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். உராய்வும் அவசரமும் இருப்பதால் இரண்டு மடங்கு வேண்டும் என்று எண்ணி 24 கிலோ என்று முடிவு செய்கிறான். சிலிண்டரின் உள் குறுக்களவு 25 மில்லிமீட்டர் என்றால் அதன் பரப்பு ஏறக்குறைய 4.9 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ அழுத்தத்தில் காற்றைவிட்டால், 29 கிலோ பலம் கிடைக்கும். போதும்.

ஆனால் இழுக்கும் பக்கம்? அங்கே தண்டு கொஞ்சம் இடத்தை அடைத்துக்கொள்கிறது. தண்டு 10 மில்லிமீட்டர் கனம் என்றால், அந்தப் பக்கம் கிடைப்பது 25 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. தள்ளுவதற்கு ஒரு பலம், இழுப்பதற்கு ஒரு பலம்! இதைக் கவனிக்காத மாணவனுக்கு ஏறும் கியர் விழும், இறங்கும் கியர் விழாது. ஏன் என்று தெரியாமல் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்வான்.

சரி, பெரிய சிலிண்டராகப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். குறுக்களவை இரட்டிப்பாக்கினால் பலம் நான்கு மடங்காகும். அந்தப் பலம் உள்ளே இருக்கும் மெல்லிய கவையை வளைத்துவிடும். காற்றும் நான்கு மடங்கு செலவாகும். உப்பு குறைந்தாலும் கறி கெடும், கூடினாலும் கெடும் அல்லவா?

காலை எடுக்கத் தெரிய வேண்டும்

பலத்தைவிடக் கடினமானது நேரம். இரண்டு இடங்களில் மாணவர்கள் தடுக்கி விழுவார்கள்.

ஒன்று, நான் முன்பு சொன்னது. மிதித்த காலை எடுக்க வேண்டும். சிலிண்டரில் காற்றை அனுப்பிவிட்டு அப்படியே அடைத்து வைத்தால், காலை எடுக்காத கதைதான். கியர் மாறியதும் சிலிண்டரின் இரு பக்கக் காற்றையும் வெளியே திறந்துவிட வேண்டும். அப்போதுதான் கியர்ப்பெட்டிக்குள் இருக்கும் சுருள்வில் தண்டை நடுவுக்குக் கொண்டுவரும். சும்மா இருக்கும்போது இரு பக்கமும் திறந்து விடும் வால்வைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடையில் இரண்டு வகையும் ஒரே மாதிரி இருக்கும். தவறானதை வாங்கினால் பணம் வீண்.

இரண்டாவது, கியர் ஏறும் கணம். கப்சாயில் கியர் போடும்போது கை முறுக்கைத் தானே தளர்த்துகிறது, கவனித்திருக்கிறீர்களா? என்ஜின் முழு வேகத்தில் தள்ளிக்கொண்டிருக்கும்போது அந்தக் கட்டைப் பற்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கும், விடாது. முறுக்கைத் தளர்த்தினால் பிடி விடும். காரில் இதை மின்சாரம் செய்கிறது. கியர் ஏறும் அந்தக் கணத்தில் மட்டும் பிளக்கின் தீப்பொறியை நிறுத்திவிடுவார்கள். ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கோ, அதற்கும் குறைவோ! பல் பிடி தளரும், காற்று தள்ளும், கியர் விழும், தீப்பொறி திரும்ப வரும்.

இங்கேதான் சூட்சுமம். மின்சாரம் உடனே போகும்; காற்றோ குழாய் வழியே நடந்து வர வேண்டும். தீப்பொறியை முன்னதாகவே நிறுத்தினால், பற்கள் தளர்ந்து காத்திருக்கும், காற்று வந்திருக்காது. தாமதமாக நிறுத்தினால், காற்று வந்து முட்டும், பற்கள் விடாது. இரண்டும் ஒரே கணத்தில் கைகோக்க வேண்டும். அதனால்தான் வால்வைச் சிலிண்டருக்கு மிக அருகில் வைத்துக் குழாயைக் குட்டையாக வெட்டுவார்கள். பத்து முறை, நூறு முறை சோதித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைத் திருத்துவார்கள். ராத்திரி எல்லாம் பட்டறையில் என்ன வேலை என்று கேட்டீர்களே, இதுதான் அம்மா.

கியர் இறங்குவது வேறு கதை. அதற்குக் கிளட்சை அழுத்த வேண்டும், அல்லது என்ஜின் வேகத்தைச் சற்று ஏற்றிக் கொடுக்க வேண்டும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நியூட்ரலைப் பிடிப்பது இன்னும் கடினம். அதற்குப் பாதித் தள்ளல்தான் வேண்டும். காற்றுக்குப் பாதியில் நிற்கத் தெரியாது.

காற்று தீர்ந்துவிட்டால்?

தண்ணீர் பிடித்து வைத்துக் குடும்பம் நடத்தியவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒருமுறை கியர் மாற்ற, சிலிண்டரையும் குழாயையும் நிரப்ப, சாதாரணக் காற்றின் அளவில் சொன்னால் ஒரு லிட்டரில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 22 கிலோமீட்டர் ஓட்டத்தில் 400 முறை மாற்றினால் 80 லிட்டர் வேண்டும். ஒரு லிட்டர் கலனில் சாதாரணக் காற்றைப்போல் 10 மடங்கு அழுத்தம் ஏற்றி வைத்தால், அழுத்தம் 6 மடங்குக்கு இறங்கும்வரைதான் வேலைக்கு உதவும். அதாவது 4 லிட்டர், 20 மாற்றம். முதல் கிலோமீட்டரைத் தாண்டியதும் கார் ஒரே கியரில் மாட்டிக்கொள்ளும். அரை லிட்டர் கலனிலேயே 200 மடங்கு அழுத்தத்தில் ஏற்றினால் 97 லிட்டர் கிடைக்கும். ஓட்டத்தை முடிக்கலாம். ஆனால் எங்கேனும் ஒரு மூட்டில் கசிந்தால் அதுவும் போயிற்று. சைக்கிள் டியூப் ஓட்டையைத் தண்ணீர்ப் பேசினில் அமுக்கிப் பார்ப்போமே, அதுபோல் ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்காரத் தண்ணீரைத் தடவி நுரை வருகிறதா என்று பார்ப்பார்கள்.

உங்கள் மகன் கலனுக்குப் பணம் கேட்பது இதனால்தான். உங்கள் பயமும் நியாயமான பயம். 200 மடங்கு அழுத்தம் விளையாட்டன்று. அதனால் போட்டி விதிகளும் கண்டிப்பானவை. கலனைத் தாங்களே பற்றவைத்துச் செய்யக் கூடாது. அந்த அழுத்தத்துக்கென்றே தொழிற்சாலையில் செய்து, சோதித்து, முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும். அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் கருவி கலனின் வாயிலேயே நேராகப் பொருந்த வேண்டும். கார் உருண்டாலும் மோதினாலும் கலனுக்கு அடிபடாதபடி உறுதியாகக் கட்ட வேண்டும். புகைக்குழாயின் சூடு படக் கூடாது. கலனின் முனை ஓட்டுபவரைப் பார்த்து இருக்கக் கூடாது. உள்ளே இருப்பது எரியாத வாயுவாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் காரை ஓடவிட மாட்டார்கள்.

தம்பிமாரே, இதைப் படித்துவிட்டு வீட்டில் பழைய கேஸ் கலனை வைத்துப் பரீட்சை செய்யக் கிளம்பிவிடாதீர்கள். முத்திரையில்லாத கலன் எமன்.

நாளைக்குச் சோறு போடுமா?

இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இன்று பல மாணவர் குழுக்கள் மின்சாரக் கார் செய்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கியர் மாற்றும் வேலையே இல்லை. அப்படியானால் இந்தப் பையன் கற்றது வீணா?

இல்லை. பஸ் கதவைத் திறப்பது காற்று. தொழிற்சாலைகளில் பெட்டியைத் தள்ளுவதும், வால்வைத் திறப்பதும், மூடியை அழுத்துவதும் பல இடங்களில் இதே காற்றும் இதே சிலிண்டரும்தான். அதைவிடப் பெரியது, அளக்காமல் செய்யாதே, ஏனென்று தெரியாமல் வாங்காதே, ஆபத்தை முன்கூட்டி நினை என்ற புத்தி. இது எந்த வேலைக்குப் போனாலும் கூடவே வரும்.

ஆனாலும் பணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புங்கள் என்று நான் சொல்லமாட்டேன். 300 வெள்ளிக்கு நீங்கள் எத்தனை நாள் குனிந்து நிமிர வேண்டும் என்பது எனக்குத் தெரியும். மகனைக் கூப்பிட்டுப் பேசுங்கள். திட்ட வேண்டாம். நான்கு கேள்வி கேளுங்கள்.

"கைப்பிடியும் கம்பியும் போதாதா, காற்று ஏன்?"

"எவ்வளவு பலம் வேண்டும் என்று அளந்தாயா?"

"பாதி வழியில் காற்று தீர்ந்தால் என்ன செய்வாய்?"

"கலன் முத்திரை உள்ளதா? அதைப் பல்கலைக்கழகமே வாங்கித்தராதா?"

முதல் கேள்விக்குத் தயாராக இருங்கள். சில குழுக்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, எடையும் செலவும் குறைவு என்று கைப்பிடியையே வைத்துக்கொள்கின்றன. அதுவும் சரியான விடைதான். அவன் அப்படிச் சொன்னாலும் சந்தோஷப்படுங்கள். அவனுக்கு யோசிக்கத் தெரிகிறது என்று பொருள். அவன் தடுமாறி, கோபப்பட்டு, "உனக்குப் புரியாதும்மா" என்றால், பணத்தைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். தன் வேலையைத் தன் தாய்க்குப் புரியும்படி சொல்லத் தெரியாதவன், அந்தப் பொறியாளர்கள் முன்னால் என்ன சொல்வான்? உங்களுக்குப் புரியவைத்துவிட்டால் அவன் தேறிவிட்டான்.

நீங்கள் படிக்கவில்லை என்று கூச வேண்டாம். மருந்துப் பம்பைத் தோளில் சுமந்தவர்களுக்கு அழுத்தம் குறைந்தால் மருந்து எப்படி வடியும் என்று தெரியும். எந்தக் குலை பழுத்தது, எது காய் என்று உதிர்ந்த பழத்தைப் பார்த்துச் சொல்கிறீர்களே, அதுவும் ஓர் அளவைதான். அந்தக் கண் உங்கள் மகனுக்கும் வந்திருக்கும்.

கேட்டுப் பாருங்கள் அம்மா. அவன் என்ன பதில் சொன்னான் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.